மண்ணு எங்க கிளம்புதுன்னு வரையாம, எங்க படியுதோ அங்க அள்ளிக்கிட்டே இருக்கோம்



வெயில் காலம் வந்தா வருஷா வருஷம் ஒரே சேதிதான். இந்த ஏரியைத் தூர்வாரப் போறாங்க, அந்தக் கால்வாயைத் தூர்வாரப் போறாங்க, இத்தனை கோடி ஒதுக்கியாச்சு. பொக்லைன் வரும், போட்டோ எடுப்பாங்க, டிப்பர் லாரி போகும். ஐப்பசி கார்த்திகைல நாலு நாள் அடிச்சு ஊத்தினா வாரின இடத்துல மறுபடியும் வண்டல். அடுத்த வருஷம் அதே ஏரி, அதே பொக்லைன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தூர்வாருறது வேண்டாம்னு சொல்லலை. அது கடைசி வேலைன்னு சொல்றேன். முதல் வேலை, அந்த மண்ணு எந்த மேட்டுக் கொல்லியில, எந்த ஓடைக்கரையில, எந்த மொட்டைக் குன்றுல இருந்து கிளம்புதுன்னு வரைபடம் போடறது. ரெண்டாவது வேலை, அதுல மோசமா இருக்கிற இடத்துக்கு முதல்ல காசு போறது. மூணாவது, அந்த வரைபடம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தூங்காம, சர்வே நம்பரோட கிராம சபையில விரிச்சு வைக்கப்படுறது. இது மூணும் நடந்த பிறகு தூர்வாரினா, வாரினது கொஞ்ச வருஷமாவது நிக்கும்.

"இது விவசாயி பிரச்சினை, பட்டணத்துக்காரனுக்கு என்ன?"ன்னு ஒரு கேள்வி வரும். அதை என்கிட்ட நேராவே கேட்டது என் தங்கச்சி மகன். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது கொடுங்கையூர்ல. நான் விவசாயம் பண்றது பள்ளிப்பட்டு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அரிசி மூட்டையும் வேர்க்கடலையும் எடுத்துக்கிட்டு அப்பப்ப போவேன்.

"மாமா, உங்க ஊர் மலையில மண்ணு கரைஞ்சா எங்களுக்கு என்ன? எங்க தெருவுல தண்ணி நிக்கிறதுக்கு எங்க கால்வாய்ல இருக்கிற பிளாஸ்டிக்தானே காரணம்?"

"பாதி சரிடா. மீதிப் பாதிய உன் வீட்டுக் குழாயைத் திறந்து பாரு"ன்னேன்.

ஒரே ஆறு, ரெண்டு முனை

கொசஸ்தலை ஆறு, கொற்றலைன்னும் சொல்லுவாங்க. ஆந்திர எல்லையில இருக்கிற மலைத் தண்ணியை வாங்கிக்கிட்டு பள்ளிப்பட்டு பக்கமா இறங்கி வருது. நகரி ஆறு அந்தப்பக்கம் இருந்து வந்து சேருது. ரெண்டும் போய் நிக்கிற இடம் பூண்டி நீர்த்தேக்கம். 1944-ல கட்டி முடிச்சது. சென்னை மேயரா இருந்து அதுக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி பேர்ல சத்தியமூர்த்தி சாகர்னு பேர். பூண்டியில இருந்து தண்ணி சோழவரம், புழல்னு போகுது. வட சென்னை குடிக்கிறதுல ஒரு பெரிய பங்கு அந்தப் புழல் ஏரித் தண்ணி. பூண்டி நிரம்பினா உபரி தாமரைப்பாக்கம், வல்லூர், மணலி புதுநகர் வழியா எண்ணூர்ல கடலுக்குப் போகும். 2021 நவம்பர்ல பூண்டியில திறந்த தண்ணி மணலி புதுநகர் தெருவுக்குள்ள வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

இப்ப கொடுங்கையூர். அந்த ஊர் கால்வாய் பக்கிங்காம் கால்வாய்ல சேருது, பக்கிங்காம் வடக்கே போய் அதே எண்ணூர் கழிமுகத்துல சேருது. ஆக, நான் உழற கொல்லி ஆத்தோட தலைமாட்டுல, தங்கச்சி வீடு கால்மாட்டுல.

இதுல ஒண்ணை நேர்மையா சொல்லணும். கொடுங்கையூர் கால்வாயை அடைக்கிற சேறு எங்க மலை மண்ணு இல்ல. அது அந்த ஊர்ச் சாக்கடை, குப்பை, கட்டட மணல், தெரு மண்ணு. எண்ணூர் முகத்துவாரம் தூர்ந்து போறதுக்கும் கடல் அலை கொண்டுவந்து தள்ளுற மணலும், கழிமுகத்துல படிஞ்ச அனல்மின் நிலையச் சாம்பலும்தான் பெரிய காரணம். எல்லாப் பழியையும் மேட்டு விவசாயி தலையில கட்டினா அது பொய்.

எங்க மண்ணு செய்யற கெடுதல் வேற இடத்துல. அது பூண்டியில படியுது. பூண்டியோட முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதுல வெறும் 1 மில்லியன் கன அடி இடத்தை வண்டல் பிடிச்சுக்கிட்டா, 2.83 கோடி லிட்டர் தண்ணிக்கு இடம் போச்சு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர்னு வெச்சா 2.83 லட்சம் பேரோட ஒரு நாள் தண்ணி. ஒரு தடவை இல்ல, ஏரி நிரம்பற ஒவ்வொரு தடவையும் அந்த அளவு குறைஞ்சுதான் நிரம்பும். அந்த அளவுக்கு சீக்கிரமா உபரியைத் திறக்கணும். கோடையில தண்ணி குறையறதும், மழையில வெள்ளம் கூடறதும் ஒரே வண்டலோட ரெண்டு பக்கம்.

தோலு மாதிரி மேல் மண்ணு

சரி, நமக்கு என்ன நஷ்டம்? இந்தியா முழுக்க எவ்வளவு மண்ணு அரிக்குதுன்னு 1983-ல துருவநாராயணா, ராம்பாபுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டாங்க. வருஷத்துக்கு சுமார் 533 கோடி டன். சராசரியா ஹெக்டேருக்கு 16.35 டன். இன்னிக்கு வரைக்கும் மண் பாதுகாப்பு பத்திப் பேசற எல்லாரும் எடுத்துக்காட்டற கணக்கு அது. நம்ம கணக்குல ஏக்கருக்கு ஆறரை டன்னுக்கு மேல, அதாவது ரெண்டு டிராக்டர் லோடு. உங்க கழனியில இருந்து வருஷத்துக்கு ரெண்டு லோடு மண்ணை ஒருத்தன் ராத்திரியில அள்ளிட்டுப் போனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவீங்களா இல்லையா? மழை அள்ளிட்டுப் போனா மட்டும் சும்மா இருக்கோம்.

ஏன்னா கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு லோடை ஏக்கர் முழுக்கப் பரப்பினா ஒரு ரூபா காசு கனம்கூட வராது. ஒரு வருஷத்துல தெரியாது, 25 வருஷத்துல ஒரு அங்குலத்துக்கு மேல போயிருக்கும். போனது அடி மண்ணு இல்ல, எருவும் மக்கும் இருந்த மேல் மண்ணு. உரக்கடையில வருஷா வருஷம் மூட்டை கூடிக்கிட்டே போறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஹெக்டேருக்கு 4.5-ல இருந்து 11.2 டன் வரைக்கும் போனா நிலம் தாங்கிக்கும்னு நிபுணர்கள் ஒரு அளவு வெச்சிருக்காங்க. சராசரியே அதைத் தாண்டிடுச்சு.

அதே கணக்குல இன்னொரு விஷயம். கிளம்பற மண்ணுல 29 சதவீதம் கடலுக்குப் போகுது, 10 சதவீதம் அணைகள்ல படியுது, மீதி 61 சதவீதம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்து நிக்குது. அதாவது, பொக்லைன் அள்ளறது பெரிய திருட்டுல ஒரு சின்னப் பங்கைத்தான்.

வரைபடம் எப்படிப் போடறாங்க?

பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல விஷ்மையர், ஸ்மித்னு ரெண்டு பேர், 10,000 பாத்தி-வருஷத்துக்கு மேல அளந்து சேர்த்த கணக்கை வெச்சு 1965-ல ஒரு சூத்திரம் கொடுத்தாங்க, 1978-ல திருத்தி எழுதினாங்க. அஞ்சு விஷயத்தைப் பெருக்கினா அரிப்பு எவ்வளவுன்னு வரும். அவ்வளவுதான்.

ஒண்ணு, மழையோட அடி. மொத்த மழை மட்டும் இல்ல, எவ்வளவு வேகமா அடிக்குதுங்கறது. ரெண்டு, மண்ணோட தன்மை. நைஸ் மணலும் வண்டலும் கலந்த மண்ணு சீக்கிரம் கரையும், களி பிடிச்சு நிக்கும். மூணு, சரிவோட நீளமும் செங்குத்தும். நாலு, மேல இருக்கிற மூடாக்கு, அதாவது பயிர், புல், மரம், சருகு. அஞ்சு, நாம பண்ற தடுப்பு வேலை: வரப்பு, குறுக்கு உழவு, கல் அணை.

இதுல முதல் மூணும் சாமி கொடுத்தது. வானத்தை நாம மாத்த முடியாது, மலையைச் சாய்க்க முடியாது. கடைசி ரெண்டும் நம்ம கையில இருக்கு. பெருக்கல் கணக்குங்கறதால, ஏதாவது ஒண்ணைக் குறைச்சா மொத்தமும் குறையும். வெறும் மண்ணுக்கு மூடாக்கு மதிப்பு 1. நல்ல அடர்ந்த காட்டுக்கு அது 0.01-க்கும் கீழ. மிதமான சரிவுல மேலும் கீழுமா உழாம குறுக்கே உழுதாலே தடுப்பு மதிப்பு 1-ல இருந்து பாதிக்குப் பக்கமா இறங்கும். ஒரு ரூபா செலவு இல்லாம பாதி மிச்சம்.

நம்ம பக்கத்து நிலைமைய இதுல பொருத்திப் பாருங்க. மழை கொட்டறது ஐப்பசி, கார்த்திகை. அந்த நேரத்துல மேட்டுக் கொல்லியில என்ன இருக்கு? கடலை பிடுங்கின வெறும் நிலம், புழுதியா. மழையோட அடி உச்சத்துல, மூடாக்கு பூஜ்யத்துல. தெரிஞ்சே கதவைத் திறந்து வெச்ச மாதிரி.

இந்தச் சூத்திரத்துக்கு வேண்டிய எல்லாம் இன்னிக்குக் கையில இருக்கு. செயற்கைக்கோள் படம் ஹைதராபாத்துல தேசிய தொலையுணர்வு மையத்துல இருந்து வருது. மண் வரைபடம் நாக்பூர்ல தலைமையகம் வெச்சிருக்கிற தேசிய மண் அளவை நிறுவனம் போட்டிருக்கு. அணைக்கு மேல இருக்கிற எந்தச் சிறு நீர்ப்பிடிப்புல இருந்து வண்டல் அதிகம் வருதுன்னு பார்த்து வரிசைப்படுத்தற வேலையை இந்திய மண், நிலப் பயன்பாட்டு அளவை நிறுவனம் பல வருஷமா பண்ணுது. அது ஆரம்பிச்சது 1958-ல. உதகையில 1954-ல இருந்து மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கு. பூண்டி ஏரிக்கரையிலயே நீர்வளத்துறையோட நீரியல் ஆய்வு நிறுவனம் இருக்கு. ஆள் இல்லை, அறிவு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

வரைபடத்துக்குத் தெரியாதது

ஆனா அந்த வரைபடத்தை அப்படியே வேதமா எடுத்துக்காதீங்க. விவசாயியா எனக்கு அதுல மூணு குறை தெரியுது.

முதல் குறை, அளவு. நாட்டுல நில அழிவைக் காட்ட வழக்கமா போடற வரைபடம் 1:50,000 அளவு. அதுல ஒரு சென்டிமீட்டர்னா தரையில அரை கிலோமீட்டர். என்னோட ரெண்டு ஏக்கர் கொல்லி, பக்கத்துக்கு 90 மீட்டர்னு வெச்சா, படத்துல ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு கடுகு. சரிவு கணக்குக்கு எடுக்கிற படத்துல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 22 சென்ட். அந்த 22 சென்டுக்குள்ள என் தாத்தா போட்ட ரெண்டடி வரப்பு வானத்துல இருந்து எப்படித் தெரியும்? தெரியாது. அதனால தடுப்பு வேலைங்கற அஞ்சாவது எண்ணை பல தடவை ஆபீஸ்ல உக்காந்து ஒரு உத்தேசமாத்தான் போடறாங்க. வரப்பு நல்லா இருக்கிறவன் நிலமும் வரப்பு உடைஞ்சவன் நிலமும் ஒரே கலர்ல வரும்.

ரெண்டாவது குறை, அந்தச் சூத்திரம் தகடு தகடா, சின்னச் சின்னக் கீறலா கரையற மண்ணுக்கு மட்டும்தான். ஓடைக்கரை இடிஞ்சு விழறது, ஆளுயரப் பள்ளம் அறுக்கறது எல்லாம் அதுல சேராது. கரையில மண்ணு அள்ளின குழியும் சேராது. எங்க பக்கம் ஒரு ஓடை வளைவுல ஒரே மழையில நாலு தென்னைமரம் போச்சு. சூத்திரத்தைக் கேட்டா அங்க அரிப்பே இல்லைன்னு சொல்லும்.

மூணாவது, மண்ணு கிளம்பற இடத்தைச் சொல்லும், எங்க போய்ச் சேருதுன்னு சொல்லாது. மேல கிளம்பினது நடுவுல ஒரு தாங்கல்ல நின்னுடலாம். இன்னொரு இடத்துல கொஞ்சமா கிளம்பினாலும் நேரா ஆத்துல விழலாம். ஏரிக்கு எமன் அந்த ரெண்டாவது இடம்தான்.

இதுக்காக வரைபடமே வேண்டாம்னு தள்ளிடக் கூடாது. படத்தை வானம் போடட்டும், திருத்தத்தை ஊர் போடட்டும். வரப்பு எங்க இருக்கு, எது உடைஞ்சது, எந்த ஓடை காப்பித் தண்ணி மாதிரி வருது, எது தெளிவா வருதுன்னு மாடு மேய்க்கிற பெரியவருக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் நடந்தா 22 சென்ட் கட்டத்துக்குள்ள இருக்கிறதும் வரைபடத்துல ஏறிடும்.

மேட்டுல இருந்து பள்ளத்துக்கு

நீர்வடிப்பகுதி வேலைன்னாலே மேட்டுல ஆரம்பிச்சு பள்ளத்துக்கு வரணும். 2008-ல மத்திய அரசு கொண்டுவந்த பொது வழிகாட்டியிலயே அப்படித்தான் இருக்கு. தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமையும் வேளாண்மைப் பொறியியல் துறையும் அதைத்தான் பயிற்சியில சொல்லிக் கொடுக்கறாங்க. நடைமுறையில எங்க ஆரம்பிக்குது? ரோட்டோரத்துல. தடுப்பணை கட்டினா பெயர்ப்பலகை வைக்கலாம், ஜீப் நேரா போய் நிக்கும். குன்று மேல சமமட்டப் பள்ளம் வெட்டினா யார் ஏறிப் பார்ப்பாங்க? மேல தடுக்காம கீழ கட்டின தடுப்பணை மூணு நாலு மழையில வண்டலால நிரம்பிடும். அப்புறம் அதுக்கும் ஒரு தூர்வாரும் திட்டம்.

இன்னொரு பழக்கம், எல்லாப் பஞ்சாயத்துக்கும் சமமா பங்கு போடறது. பார்க்க நியாயமா இருக்கும். ஆனா ஒரு பஞ்சாயத்துல சமதளம், இன்னொண்ணுல மொட்டைக் குன்று. காய்ச்சல் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவு மாத்திரை கொடுக்கிற மாதிரி. அரிப்பு வரைபடம் வேணும்னு நான் கேக்கறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். இருக்கிற கொஞ்சக் காசை எங்க முதல்ல போடணும்னு சொல்ற வேலை அது. அப்படிப் பயன்படுத்தலைன்னா அது சுவத்துல மாட்டற கலர் காலண்டர்.

சண்டிகர் ஏரி கத்துக்கொடுத்தது

இது நடக்கிற காரியமான்னு கேப்பீங்க. நடந்திருக்கு. சண்டிகர்ல சுக்னா ஏரின்னு ஒண்ணு. 1958-ல கட்டினாங்க. 1970-கள்லயே பாதிக்கு மேல வண்டல் நிரம்பிடுச்சு. அங்கேயும் வாருவாங்க, வந்து படியும், மறுபடி வாருவாங்க. அப்ப அங்க மண் பாதுகாப்பு மையத்துல இருந்த பி.ஆர். மிஸ்ராங்கற விஞ்ஞானி, ஏரியை விட்டுட்டு மண்ணு வர்ற வழியைப் பிடிச்சு மேல நடந்தார். சிவாலிக் அடிவாரத்துல சுகோமாஜ்ரின்னு ஒரு ஏழைக் கிராமம். ஆடு மாடு மேய்ஞ்சு மொட்டையான குன்று, அறுத்துக்கிட்டு வர்ற பள்ளங்கள். மண்ணு அங்க இருந்துதான் வந்துக்கிட்டு இருந்தது.

மேய்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தா ஜனங்க ராத்திரியில மேய்ச்சிருப்பாங்க. அவங்க பண்ணது வேற. 1976-ல ஒரு சின்ன மண் அணை கட்டினாங்க. அதுல தேங்கின தண்ணி கிராமத்துக்கு. நிலம் இருக்கிறவன், இல்லாதவன் எல்லா வீட்டுக்கும் பங்கு. குன்றுல வளர்ற புல்லை அறுக்கிற உரிமையும் ஊருக்கு. அப்புறம் மேல மேய விடாம பார்த்துக்கிட்டது அந்த ஊர் ஜனங்களேதான். கம்பி வேலி இல்ல, காவலாள் இல்ல. குன்று பச்சையாச்சு, ஏரிக்கு வர்ற வண்டல் பெருமளவு குறைஞ்சது.

நியூயார்க் பட்டணத்துக்கதையும் இதே மாதிரிதான். பல நூறு கோடி டாலர்ல வடிகட்டும் ஆலை கட்டறதைவிட, மேல மலையில இருக்கிற நீர்ப்பிடிப்பைக் காப்பாத்தறது மலிவுன்னு 1997-ல மேல இருக்கிற ஊர்களோட ஒப்பந்தம் போட்டாங்க. மேட்டு விவசாயியோட கழனி வேலைக்குக் கீழ தண்ணி குடிக்கிற பட்டணம் காசு கொடுக்குது. ரெண்டு கதையிலயும் பாடம் ஒண்ணுதான்: மேல இருக்கிறவனுக்கு லாபம் இல்லாம கீழ இருக்கிறவனுக்குத் தண்ணி இல்ல.

"சிவப்புன்னு வரைஞ்சா நிலத்தைப் புடுங்கிடுவாங்க"

இதைப்பத்தி எங்க ஊர் டீக்கடையில பேசினப்ப ஒருத்தர் சொன்ன வார்த்தை இது. சிரிச்சுட்டுப் போற பேச்சு இல்ல. வரைபடத்துல ஒரு நிலம் சிவப்பா வந்தா நாளைக்கு என்ன ஆகும்? "மோசமான நிலம்"னு விலை குறையும். பேங்க்ல கடன் கேட்டா யோசிப்பாங்க. "தரிசுதானே"ன்னு ஏதாவது திட்டத்துக்கு எடுக்க வருவாங்க. இல்லைன்னா, "அரிப்புக்கு நீதான் காரணம்"னு மேட்டு விவசாயி மேல பழி. இந்தப் பயம் இருக்கிற வரைக்கும் எந்த விவசாயியும் தன் நிலத்தைப் பத்தி உண்மையைச் சொல்ல மாட்டான்.

அதனால என் நிபந்தனை இது. சிவப்புங்கறது குற்றப்பத்திரிகையா இருக்கக் கூடாது, முதல் உரிமைச் சீட்டா இருக்கணும். சிவப்புல இருக்கிறவனுக்குத்தான் முதல் வரப்பு, முதல் மரக்கன்று, முதல் பண்ணைக்குட்டை. நிலம் எடுக்கறதுக்கோ வகைப்பாடு மாத்தறதுக்கோ இந்த வரைபடத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு எழுத்துல வரணும். குத்தகைக்காரனையும் சேர்க்கணும். குத்தகைக்கு ஓட்டறவன் அடுத்தவன் நிலத்துல ஏன் வரப்பு போடுவான்? வரப்பு போட்டா நாலு சென்ட் போகும், அடுத்த வருஷம் நிலமே கையில இருக்காது. அந்தக் கூலியும் அந்த நாலு சென்ட் விளைச்சலும் திட்டத்துல இருந்து அவன் கைக்கு வரணும்.

காசு யாரு கொடுக்கறது? பட்டணம் கொடுக்கணும்னு சொன்னதும் கொடுங்கையூர்க்காரன் தலையில ஒரு புது வரியைப் போட்டுடாதீங்க. அந்த ஊர் ஏற்கனவே போதுமான அளவு சுமக்குது. சென்னையோட குப்பைய வருஷக்கணக்கா முன்னூறு ஏக்கருக்கு மேல கொட்டி வெச்சது அங்கதான். மழை பெய்ஞ்சா அந்தக் குப்பைமேடும் நம்ம மொட்டைக் குன்று மாதிரிதான்: சரிவு இருக்கு, மூடாக்கு இல்ல. சென்னையோட சாக்கடையில ஒரு பங்கு போறதும் அங்கதான். அதைச் சுத்தம் பண்ணி, 2019-ல இருந்து மணலி கம்பெனிகளுக்குத் தினம் 4.5 கோடி லிட்டர் கொடுக்கற அளவுக்கு ஒரு ஆலையும் அங்க ஓடுது. அவ்வளவு ஏரித் தண்ணிய மிச்சம் பண்ற வேலை அந்த ஊர்ல நடக்குது. ஆத்தோட கால்மாடு தன் பங்கைச் செய்யுது. தலைமாடு செய்ய வேண்டாமா?

காசு புதுசா வேண்டாம், இருக்கிறதுலயே இருக்கு. கொசஸ்தலை வடிநிலத்துல மழைநீர் வடிகாலுக்குன்னு 2021-ல ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புக்கிட்ட கடன் மட்டும் 25.1 கோடி டாலர். அது பட்டணத்துக்குள்ள இருக்கிற வடிகால். தேவைதான். ஆனா அதே ஆத்தோட மேல்பகுதிக்கு அதுல ஒரு சின்ன விகிதமாவது ஒதுக்கணும்னு கேக்கறது தப்பா? வருஷா வருஷம் தூர்வார ஒதுக்கற பணத்துல பத்துல ஒரு பங்கை மண்ணு கிளம்பற இடத்துக்குன்னு பிரிச்சு வைங்க. அஞ்சு வருஷத்துல தூர்வாரும் செலவு குறையுதா இல்லையான்னு பூண்டியில அளந்து பார்த்துக்கலாம்.

நாம இப்பவே பண்ணக்கூடியது

அரசாங்கம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. நாலு காரியம் சொல்றேன்.

ஒண்ணு, பாட்டில் சோதனை. இந்த மழையில, உங்க ஏரிக்கு வர்ற ஒவ்வொரு வரவுக்கால்லயும் ஓடையிலயும் ஒரே நாள், ஒரே நேரத்துல, ஒரு லிட்டர் தண்ணி பிடிங்க. பாட்டில் மேல இடத்தை எழுதி ஆடாம வைங்க. ரெண்டு நாள் கழிச்சு அடியில படிஞ்சிருக்கிற மண்ணை ஸ்கேல் வெச்சு அளங்க. எந்தப் பக்கம் முதல்ல போகணும்னு பாட்டிலே சொல்லிடும். ரெண்டு மூணு மழைக்குப் பண்ணினா நம்பலாம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில கொடுத்தா இன்னும் ஒழுங்கா பண்ணுவாங்க.

ரெண்டு, கம்பி சோதனை. மேட்டுக் கொல்லியில ஒரு முழ நீளக் கம்பியை நாலு இடத்துல அடிச்சு, மண் மட்டத்துல பெயின்ட் கோடு போடுங்க. மழைக்கால முடிவுல கோட்டுக்குக் கீழ எவ்வளவு கம்பி வெளிய தெரியுதோ அவ்வளவு மண்ணு போச்சு.

மூணு, சமமட்டக் கோடு. கொத்தனார் வெச்சிருக்கிற டியூப் லெவல் போதும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்துல முளைக்குச்சி அடிச்சுக்கிட்டே போங்க. அந்தக் கோட்டுல உழுங்க, அந்தக் கோட்டுல வரப்பு போடுங்க, வரப்பு மேல வெட்டிவேரோ கோ-4 புல்லோ நடுங்க. மாட்டுக்கும் ஆச்சு, மண்ணுக்கும் ஆச்சு. கடலை பிடுங்கின நிலத்தை வெறுமனே விடாம கொள்ளோ நரிப்பயறோ தூவி விடுங்க. கார்த்திகை மழை இலை மேல விழட்டும், மண்ணு மேல விழ வேண்டாம்.

நாலு, ஏரியில ஏற்கனவே படிஞ்ச வண்டல். அது நம்ம மண்ணுதான், நம்ம கொல்லிக்குத் திரும்பி வரட்டும். 2024-ல இருந்து தாசில்தார் ஆபீஸ்லயே அனுமதி கிடைக்கற மாதிரி பண்ணியிருக்காங்க. ஆனா வண்டல் பேர்ல ஏரியோட அடி மண்ணை லாரியில விக்கிறவனையும் பார்த்துக்கணும். எத்தனை லோடு வெளிய போச்சு, எத்தனை லோடு எந்தச் சர்வே நம்பர்ல இறங்கிச்சுன்னு பஞ்சாயத்து போர்டுல எழுதிப் போடச் சொல்லுங்க.

இந்த நாலுலயும் கிடைக்கிற கணக்கை ஒரு தாள்ல வரைஞ்சு மார்ச் 22, உலகத் தண்ணீர் தின கிராம சபைக்குக் கொண்டு போங்க. அந்த நாளைத்தான் தேர்ந்தெடுக்கணும். சித்திரை, வைகாசி, ஆனி மூணு மாசம் மண் வேலைக்குக் கையில இருக்கும். "எங்க ஊர்ல இந்த மூணு இடம் சிவப்பு, இங்க இருந்துதான் வேலை ஆரம்பிக்கணும்"னு தீர்மானம் போடுங்க. நவம்பர் 1 கிராம சபை வர்றப்ப மழையும் வந்திருக்கும். வேலை நடந்ததா, நின்னதா, உடைஞ்சதான்னு அன்னிக்கே கேக்கலாம்.

என் தங்கச்சி மகன் இப்ப இன்னொரு கேள்வி கேக்கறான். "மாமா, உங்க ஊர் தீர்மானத்துல நாங்க கையெழுத்து போட முடியுமா?" சட்டப்படி முடியாது. ஆனா கேள்வி சரியான கேள்வி. ஆத்தோட தண்ணிய குடிக்கிறவங்களுக்கு ஆத்தோட தலைமாட்டைப் பத்திப் பேச ஒரு இடம் இருக்கணும். பள்ளிப்பட்டுக்காரனும் பூண்டிக்காரனும் மணலிக்காரனும் கொடுங்கையூர்க்காரனும் ஒரே வரைபடத்தைச் சுத்தி உக்காந்து பேசற ஒரு வடிநில சபை. அப்படி ஒண்ணு வர்ற வரைக்கும் நம்ம பாட்டிலை நாம பிடிப்போம்.

உங்க ஊர் ஓடையில பாட்டில் வெச்சுப் பார்த்தா எத்தனை மில்லிமீட்டர் படிஞ்சதுன்னு எனக்கும் சொல்லுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒரு படம் போட்டுப் பார்ப்போம்.